நாற்பது தப்படி

கலியவரதன் வீட்டுப் பின்சுவருக்கும்
அலை உடையும் இடத்துக்கும்
நாற்பது தப்படி.
தை மாதத்துப் புதன்கிழமை, தாழங்குடாவில்,
கடல் வற்றமாயிருந்த நேரம்
நானே நடந்து எண்ணியது.
(என் தப்படி. அவருக்கு முப்பத்தாறு.)

"கடலு ஊட்டுக்குள்ள பூர்ற மாதிரி வுழணும்மா.
தாலுகா ஆபீஸுல பாத்தா பதறணும்."
சுவரோரம் நின்று கைகட்டிக்கொண்டார்.

மூன்று தப்படியில் நின்று
இருபத்துநாலு எம்எம்மில் எடுத்தேன்.
காரை பெயர்ந்த செங்கல்,
கொடியில் லுங்கி,
பனியனில் ஒட்டிய மீன்செதில் வரைக்கும் வந்தது.
கடல் மட்டும் அவர் முழங்கையோரம்
யாரோ நீலப் பென்சிலில் இழுத்துவிட்ட கோடு.
ஆளுயர அலை ஒரு சாண்கூட இல்லை.
திரையைப் பார்த்தவர் கேட்டார்:
"இது இன்னா, ஏரியா?"

நகர்ந்தேன்.
தண்ணீர்த் தொட்டி தாண்டி
வலை காயும் மணல் தாண்டி
ஐஸ் கம்பெனி வாசல்வரை.
நூற்றிருபது.
அங்கிருந்து அவர் ஒரு தீக்குச்சி.
பிச்சாவரம் போகும் பறவைக்காரரிடம்
இரவல் வாங்கிய நீள லென்ஸ்
தீக்குச்சியை மறுபடி ஆளாக்கியது.
அதன் வேலை அவ்வளவுதான்.
அலையோ அவர் மார்புயரம் எழுந்து
சன்னல் கம்பியைப் பிடிக்கப் பார்த்தது.

துணை வட்டாட்சியர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஜூம் போட்டு இழுத்த கடல்மா இது."

லென்ஸுக்கு ஏது சார் கை, இழுக்க?
ஐஸ் கம்பெனி வாசலில் அதே இடத்தில்
சின்ன லென்ஸிலும் ஒன்று எடுத்திருந்தேன்.
லேப்டாப்பில் திறந்து
அரிசியளவு நடுவை வெட்டிப் பெரிதாக்கினேன்.
புள்ளி புள்ளியாய், முகம் கலங்கி,
ஆனால் அதே மார்பில் அதே அலை.
லென்ஸ் கத்தரிக்கோல் சார்,
நடந்தது நான்.

அவர் என் காலைப் பார்த்தார்.
செருப்பில் மணல் இருந்தது.

மனுவின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.
மூன்றில் நின்றால்
சுவர் மூன்று, கடல் நாற்பத்து மூன்று.
நூற்றிருபதில் நின்றால்
சுவர் நூற்றிருபது, கடல் நூற்றறுபது.
நடுவில் கிடப்பது ரெண்டிலும் அதே நாற்பது.
கிட்ட நிற்கிறவனுக்கு அது பெருந்தூரம்,
எட்ட நிற்கிறவனுக்குச் சில்லறை.
சுவரை ஒட்டிப் பாய் விரிப்பவர் கண்ணுக்குக்
கடல் எப்போதும் ஏரிதான்.
தாலுகா ஆபீஸிலிருந்து தாழங்குடா
எத்தனை தப்படி சார் என்று
வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ரெண்டு படத்தையும் சேர்த்து
ஒரே பின் அடித்தார்.
மனு நிலுவையில்.

லாரன்ஸ் ரோட்டில் என் கடையில்
பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்கள்
மூக்கு பெரிசாகிவிட்டதென்று
லென்ஸைத்தான் வைவார்கள்.
ரெண்டு தப்படி பின்னால் போவேன்.
மூக்கு மூக்களவுக்குத் திரும்பிவிடும்.
காசு கொடுக்கும்போது சொல்வார்கள்:
"இந்த லென்ஸு நல்ல லென்ஸு."

பங்குனியில் கலியவரதன் கடைக்கு வந்தார்.
மகள் தேன்மொழிக்குப் பண்ருட்டியில் வரன்.
பலாத்தோப்புக்காரர்கள்,
தண்ணீர் என்றால் பம்புசெட் தண்ணீர்தான் அவர்களுக்கு.
"கடலு தூரத்துல கெடக்கற மாதிரி
ஒண்ணு போட்டுக் குடும்மா."
புதிதாய் எடுக்கத் தேவையிருக்கவில்லை.
முதல் படத்தையே எட்டுக்குப் பன்னிரண்டில் போட்டேன்.
ஏரியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
"இதான் வூடு" என்றார்
திருப்தியாக.

வைகாசியில் கல்யாணத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்.
முதல்நாள் சாயங்காலம், பந்தல்கால் நட்டாயிற்று,
கடல் அதே வற்றம்.
சும்மாதான் நடந்தேன்,
பின்சுவரிலிருந்து.
முப்பத்துநாலு.
தப்பாய் எண்ணியிருப்பேனென்று
திரும்பிப் போய் மறுபடி தொடங்கினேன்.
முப்பத்து மூன்றரை,
அந்த அரையில் கால் நனைந்தது.

பந்தலடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்
சத்தமாய்ச் சிரித்தார்.
"உன் காலு நீண்டுபோச்சும்மா."